சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்

மார்ச் 4

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. அம்மா கூப்பிட்டால் போனை எடுக்கிறாய். நான் கூப்பிட்டால் அடித்து ஓய்கிறது. அப்பா போனதிலிருந்து இப்படித்தான், ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மின்னஞ்சல் அனுப்பலாம்தான். ஆனால் இந்த விஷயத்தை என் கம்ப்யூட்டரில் எழுதக் கூடாது. வேலையில் பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால்தான் பேனா.

இப்போது ஒரு பத்திரிகைத் தளத்துக்கு வேலை செய்கிறேன். இதுவரை எல்லாவற்றையும் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த மாதம் 20 முதல் சில கட்டுரைகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஆக்கப்போகிறார்கள். அந்தப் பூட்டைச் செய்வது என் வேலை. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கட்டுரையின் நடுவில் உட்காரும் ஒரு சின்ன நிரல்துண்டு அது. காம்போனென்ட் என்போம். ஆள் வந்ததும், இவருக்குச் சந்தா இருக்கிறதா என்று சர்வரைக் கேட்கும். இருந்தால் மீதிக் கட்டுரையைக் கொண்டுவந்து வைக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தோடு நிறுத்தி, கீழே நாலு வரியை மங்கலாகக் காட்டி, 'தொடர்ந்து படிக்க' என்று ஒரு பட்டனை வைக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதை ஆசிரியர் சொல்வார். முதல் வாரத்துக்கான பத்துக் கட்டுரைகளைக் கொடுத்து, "ஆள் எழுந்து போக முடியாத இடமாப் பாத்து வெட்டுங்க" என்றார். அவரே இடத்தைக் குறித்தும் கொடுத்தார். வெட்டினேன். நான் எதையும் படிப்பதில்லை. எழுத்து எனக்கு வெறும் உயரம்தான், எத்தனை வரி, திரையில் எங்கே முடிகிறது, அவ்வளவுதான்.

முதல் கட்டுரையை 'மூன்றாம் மாடி' என்ற புனைபெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். சோதனைக்காகச் சந்தாதாரர் கணக்கில் நுழைந்து பூட்டைத் திறந்து பார்த்தேன். மீதி ஒழுங்காக வந்ததா என்று கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 'சுவரைத் தடவிப் பட்டனைத் தேடுவார். வருகிறவர்களிடமெல்லாம் எந்த மாடி என்று கேட்பார்.'

முப்பத்தைந்து வருஷம் லிப்ட் பழுது பார்த்துவிட்டு, மறதி நோய் வந்த பிறகு வீட்டுச் சுவரில் பட்டனைத் தேடிய ஆள் உலகத்தில் இன்னொருத்தர் இருக்க முடியாது. மேலே போய் முதலிலிருந்து படித்தேன்.

அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்றுதான் நீ சொன்னாய். நீ சமையலறையில் இருந்ததாகச் சொன்னாய். டாக்டரிடமும் அதையேதான் சொன்னாய். கட்டுரையில், வெளியே பூட்டிவிட்டுத் துணி துவைக்கும் கடையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறாய். திரும்பி வந்தபோது அப்பா கதவுக்குப் பக்கத்தில் கிடந்தார் என்று. 'யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பூட்டினேன்' என்று.

இது உண்மையா, இல்லை எழுத்துக்காகச் சேர்த்ததா? எதுவாக இருந்தாலும் 20க்கு முன்னால் ஆசிரியரிடம் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள். அம்மா பக்கத்து அறையில் என் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

எனக்குப் புரியற மாதிரி சொல்றேன்னு எழுதியிருக்க. புரிஞ்சுது. நான் எழுதினதை ஒரு இடத்துல வெட்டி, இதுக்கு மேல காசு குடுன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வச்சிருக்காங்க. அந்த ஆளு நீ.

உண்மைதான். ஒரு வரிகூடச் சேர்க்கல.

ஏன் உன்கிட்ட சொல்லலன்னு நீ கேக்கல. இருந்தாலும் சொல்றேன். வீட்டுல யார்கிட்ட சொன்னாலும் அது சாகறவரைக்கும் கூடவே வரும். குழந்தைக்குப் பல்லு முளைச்சாலும், யாருக்காவது கல்யாணம்னாலும், ஒரு ஓரமா அது வந்து உக்காந்துக்கும். யாரோ முகம் தெரியாதவங்க படிச்சா, படிச்சுட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. இதைப் பூட்டப்போறோம், பணம் கட்டறவங்க மட்டும்தான் படிக்க முடியும்னு அந்தத் தளத்து ஆசிரியரம்மா சொன்னப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. நம்ம குடும்பத்துல காசு குடுத்து எதையும் படிக்கற பழக்கம் யாருக்கு இருக்கு? அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தோணல. பூட்டு செய்யறவனே வந்து நிப்பான்னு நான் கண்டேனா? காசு கொடுக்காமப் படிச்ச ஒரே ஆளு நீதான்.

நீ மறந்த ஒண்ணு இருக்கு. உன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னு அம்மாவை ஒரு மாசத்துக்குன்னுதான் கூட்டிக்கிட்டுப் போன. ஆறு மாசமாச்சு. நான் கண்ணாடிக் கடையில பாதி நாள் லீவு, பாதி நாள் லென்ஸ் தேய்க்கறதுன்னு ஓடினேன். அப்பா ராத்திரியெல்லாம் எழுந்து லிப்ட் நின்னுபோச்சு, உள்ள ஆள் இருக்குன்னு கத்துவார். ரெண்டு தடவை மூணு மாடி இறங்கி ரோட்டுக்குப் போயிட்டார். அம்மாவை அனுப்பி வைடான்னு உன்கிட்ட கேட்டேன். "இன்னும் பத்து நாள்க்கா, இவளுக்கு முதுகு வலி"ன்ன. அந்தப் பத்து நாள்ல ஒன்பதாவது நாள்தான் அது.

அந்தக் கடையில போய் உக்காந்தேன். துவைக்கக் கையில துணிகூட இல்ல. யாரோட துணியோ மெஷினுக்குள்ள சுத்தறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். தூங்கக்கூட இல்ல. சும்மா உக்காந்திருந்தேன். எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அதைத்தான் எழுதியிருக்கேன், நீ அந்த இடத்தைத் தாண்டிட்ட போலிருக்கு.

திரும்ப வாங்க மாட்டேன். நாலு வருஷமா அந்தத் தளத்துல சும்மா எழுதினேன், அப்பாவைப் பத்தி, கடையைப் பத்தி. அதுல நான் உண்மையா எழுதினது இது ஒண்ணுதான்.

அம்மாகிட்ட சொல்லாதே. இதை மட்டும் கேட்டுக்கறேன்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படிக்க வேண்டியதாயிற்று. என் வீட்டிலேயே.

ஆசிரியரிடம் பேசினேன். இந்த ஒரு கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று, காரணம் சொல்லாமல் கேட்டேன். "இதுக்காகத்தான் ஆளுங்க பணம் கட்டப்போறாங்க. இதை எடுத்துட்டா மத்த ஒன்பதும் எதுக்கு?" என்றார். வெட்டும் இடத்தையாவது மாற்றலாமா என்றேன். அதற்கும் இல்லை. 'அன்றைக்கு நான் கதவை வெளியே பூட்டினேன்' என்ற வரியோடு நிற்கும். பணம் கட்டாத ஊரெல்லாம் அதுவரைக்கும் இலவசமாகப் படிக்கும்.

ஆறு மாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி, என் மேல் பழி போட வேண்டுமென்றால் போட்டுக்கொள். நான் அம்மாவைக் கட்டிப் போடவில்லை. நீ ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கலாம். அவரை எங்காவது சேர்த்திருக்கலாம். எவ்வளவோ செய்திருக்கலாம்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு உடைந்து, நெஞ்சில் சளி கட்டி, அவர் போகிறவரைக்கும் நீ எதிரில்தான் நின்றாய். அவருடைய வலது கை விரல்நகத்தில் சுவர்ச் சுண்ணாம்பு இருந்தது. நர்ஸ் துடைத்தார். நான் "எங்கே பட்டது?" என்று உன்னைக் கேட்டேன். "தெரியலடா" என்றாய். அவர் கதவுக்குப் பக்கத்தில் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்போதே உனக்குத் தெரியும்.

அந்தக் கதவை யார் பூட்டினார்களோ அவர்கள்தான் அப்பாவைக் கொன்றது. கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உனக்காக இல்லை.

தம்பி


மார்ச் 25

உனக்கு,

இருபதாம் தேதி பூட்டு போட்டுட்டீங்க. பாத்தேன். அழகா இருக்கு. மங்கலா தெரியற அந்த நாலு வரி என்னுதான்னு எனக்கே தெரியல.

ரெண்டு நாள் கழிச்சு ஆசிரியரம்மா கூப்பிட்டாங்க. என் கட்டுரையிலதான் நிறையப் பேர் பட்டனை அமுக்கிப் பணம் கட்டறாங்களாம். ஆனா கட்டினவங்களுக்கு அது மட்டும் திறக்கலையாம். ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்காம். மத்த ஒன்பதும் சட்டுன்னு திறக்குதாம். "நம்ம டெக்னிக்கல் ஆளு பாத்துக்கிட்டிருக்கார், கோளாறு எங்கேன்னு தெரியலயாம்"ன்னாங்க.

எனக்குத் தெரியும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. உனக்கு ஒரு குழந்தை இருக்கு.

பத்துல ஒண்ணு மட்டும் தானா கெட்டுப்போகுமாடா? என்னை நீ மடச்சின்னு நினைச்சுக்கிட்டிருக்க. சின்ன வயசுல என் நோட்டை எடுத்து ஒளிச்சு வச்சுட்டு, நீயும் சேர்ந்து தேடுவ. அதே முகத்தோட நீ ஆசிரியரம்மா முன்னாடி உக்காந்திருப்பன்னு நினைக்கறப்ப சிரிப்பு வருது.

நீ என்னைக் கொலைகாரின்னு எழுதின. அந்தக் காகிதம் என்கிட்ட இருக்கு. அதை நீ எழுதலாம், நான் பண்ணினதை நான் எழுதக் கூடாது. அப்படித்தானே? என்னை முகம் தெரியாதவங்க திட்டினாலும் எனக்குச் சரி. அதையும் நீ நடக்க விடல. சுத்தற வட்டத்துக்குள்ள உக்கார வச்சுட்ட.

திறந்து விடு. இல்லேன்னா நானே சொல்லிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

நான்தான். ஒரே ஒரு வரி. அந்தக் கட்டுரையின் எண் வந்தால் சர்வரைக் கேட்காதே, சும்மா சுற்றிக்கொண்டிரு என்று எழுதி வைத்தேன். அம்மா கண்ணில் எப்படியாவது பட்டுவிடக் கூடாது என்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. உன் வாயை அடைக்க எனக்குக் கிடைத்த வழி அது.

இப்போது திறந்துவிட்டேன். நீ மிரட்டியதற்காக இல்லை. உன் கடிதம் இங்கே வருவதற்கு முந்தின நாளே திறந்தாயிற்று.

சந்தாதாரர்கள் அனுப்பும் புகார்களை எனக்குத் திருப்பி விடுவார்கள். 27ஆம் தேதி மதியம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இப்படி இருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

'ஐயா, சந்தா கட்டிவிட்டேன். ரசீதும் வந்தது. மற்றக் கட்டுரைகள் திறக்கின்றன. மூன்றாம் மாடி எழுதியது மட்டும் திறக்கவில்லை. வட்டம் சுற்றுகிறது. ஒரு வாரமாகப் பார்க்கிறேன். இதைப் படிப்பதற்காகத்தான் பணம் கட்டினேன். எழுதியது என் மகள். தயவுசெய்து திறந்து விடவும்.'

கீழே அம்மாவின் பெயர். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கடிதம் அடித்த கை, ஒரு பிழை இல்லை.

அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். நடுவில் ஒரு சுவர். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த ஒரு வரியை அழித்தேன். 'சரிசெய்யப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் அனுப்பினேன். உள்ளே அவருடைய போன் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் 'நன்றி, திறந்துவிட்டது' என்று வந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். போகவில்லை. பிறகு அம்மா குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இதை நீ படிச்சியா?" என்றார்.

"படிச்சேன்."

"எப்ப?"

"மாச ஆரம்பத்துல."

"அவகிட்ட என்ன சொன்ன?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"யாரும் சொல்லலன்னு எழுதியிருக்கா," என்றார் அம்மா. "அது பொய். பூட்டச் சொன்னது நான்தான். காலையில போன் பண்ணி அழுதா. ஒன்பது நாளாத் தூங்கலம்மான்னா. நான் இங்க பால்கனியில குழந்தைத் துணியைக் காயப் போட்டுக்கிட்டிருந்தேன். வெளிய பூட்டிட்டு ஒரு மணி நேரம் எங்கயாவது போய் உக்காரு, ஒண்ணும் ஆகாதுன்னேன். மாட்டேன்னா. நான்தான் அதட்டினேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அன்னிக்கு போனை வச்சதும், 'அங்க எல்லாம் சரிதானே'ன்ன. சரின்னு நான் சொல்லணும்னு உன் முகத்துலயே எழுதியிருந்துச்சு. சரின்னேன்."

உன்னுடைய எல்லாக் கட்டுரைகளையும் முதலிலிருந்தே படித்து வருகிறாராம். எந்த மாடி என்று அப்பா கேட்பதைப் பற்றி நீ எழுதிய முதல் நாளே அது நீதான் என்று தெரிந்துவிட்டதாம். உன்னிடம் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பேசாமல் இருந்தாராம்.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அதற்காக உன்மேல் கோபப்பட நினைத்தேன். அதுவும் வரவில்லை.

14ஆம் தேதி உனக்கு எழுதியதைத் திரும்ப வாங்க முடியாது என்று தெரியும். அதைக் கிழித்துப் போட்டுவிடு என்று கேட்கவாவது எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

அம்மா பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அங்கே வந்து சேருவார். கூட வந்து விடட்டுமா என்றேன். "ஏத்தி விட்டாப் போதும்" என்றார்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

அம்மா வந்து சேந்தாங்க. நீ சொன்ன நாள்லயே. மூணு மாடி ஏறி வந்து, கதவு முன்னாடி நின்னு, பக்கத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. நான் இன்னும் அதுக்கு வெள்ளை அடிக்கல. அப்புறம் உள்ள வந்து அப்பா கட்டில்ல உக்காந்தாங்க.

மறுநாள் காலையில சண்டை. நான் சொன்னதையும் சேத்து எழுதுன்னாங்க. முடியாதுன்னேன். "உன்னை யாரும்மா கேட்டா? சொன்னது நீயா இருந்தாலும் சாவி என் கையிலதானே இருந்துச்சு"ன்னேன். "ஒரு பொய்யைக் காட்டிப் பணம் வாங்கறாங்க, அதுக்கு நானும் பணம் கட்டியிருக்கேன்"னாங்க. இந்த வயசுல அவங்களை வாதத்துல ஜெயிக்க முடியுமா?

நான் கடைக்குப் போயிட்டேன். அவங்களே எழுதிட்டாங்க. கட்டுரைக்குக் கீழ கருத்து எழுதற இடம் இருக்கே, சந்தா கட்டினவங்களுக்கு மட்டும்னு நீங்க வச்சது, அங்க. 'அந்தக் கதவைப் பூட்டச் சொன்னது நான். இவளுடைய அம்மா.' அவ்வளவுதான். பெயரோட.

அதுவரைக்கும் கீழ என்னைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. அதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லலாம், வலிச்சாலும் ஒரு மாதிரி இறங்குச்சு. இப்ப எல்லாரும் அம்மா பக்கம் திரும்பிட்டாங்க. பொண்ணை மாட்டி விட்டுட்டு மகன் வீட்டுல சொகுசா இருந்தவன்னு ஒருத்தர். இப்படியும் ஒரு தாயான்னு நாலஞ்சு பேர். ஒரு ஆளு, முன்னாடி என்னைத் திட்டினதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கார். அதைப் படிச்சதும் போனைக் கவுத்து வச்சுட்டேன். முகம் தெரியாதவங்க படிச்சுட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்கன்னு நான்தானே எழுதினேன்? போகல. அங்கயே உக்காந்திருக்காங்க.

கட்டுரையை எடுத்துடுங்கன்னு ஆசிரியரம்மாவைக் கேட்டேன். இப்ப எடுக்க முடியாதாம். இதைப் படிக்கன்னே பணம் கட்டினவங்க இருக்காங்களாம்.

சாயங்காலம் அம்மா, "என்ன சொல்றாங்க எல்லாரும்?"ன்னாங்க. நல்லாத்தான் சொல்றாங்கன்னேன். அவங்க போனை என் கையில கொடுத்தாங்க. கடைசி வரைக்கும் இறக்கிப் படிச்சு வச்சிருக்காங்க. "அப்பா விஷயத்துலதான் மறைச்ச. இதையும் என்கிட்ட மறைக்காதே. இனிமே எதையும் மறைக்காதே"ன்னாங்க.

அதனால அலமாரியத் திறந்து உன்னோட பதினாலாம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நீ கிழிக்கச் சொல்லியிருந்த. கிழிக்கல. உன்னைப் பழிவாங்கணும்னு கொடுத்தேனா, அவங்க கேட்டாங்கன்னு கொடுத்தேனான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டும்தான்னு தோணுது.

விளக்குக்குக் கீழ வச்சுப் படிச்சாங்க. அந்தக் கதவை யார் பூட்டினாங்களோன்னு வர்ற இடத்துல விரலை வச்சாங்க. கொஞ்ச நேரம் எடுக்கல. அப்புறம் மடிச்சு உறைக்குள்ளயே போட்டு என்கிட்ட நீட்டினாங்க. "அவன் எழுதினது சரிதான்"னாங்க. மாத்திரை டப்பா எங்கன்னு கேட்டாங்க.

நீ இங்க வராதே. வந்தா நாம ரெண்டு பேரும் கத்துவோம், அவங்க நடுவுல உக்காந்திருப்பாங்க. அதுக்கு இப்ப இங்க யாருக்கும் தெம்பு இல்ல.

ஒண்ணு மட்டும் எழுது. டப்பாவுல ரெண்டு விதம் இருக்கு. வெள்ளையை எப்ப போடணும்னு சீட்டுல இருக்கு. பச்சை மாத்திரைக்குச் சீட்டைக் காணோம். அது காலையிலயா, ராத்திரியா? அம்மாவைக் கேட்டா எப்ப போட்டா என்னங்கறாங்க. அதை மட்டும் எழுது. வேற எதுவும் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 16

காலையில். சாப்பிட்ட பிறகு.